நந்தியின் மறு காது

சேகருக்கு அம்மா எழுதுவது.

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் உன்னை நேரில் பார்த்தேன். நீ நலமாக இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடுதாசி. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடுதாசியை அப்படி வைத்துவிட முடியாது. பாதியில் மடித்துப் போட்டாலும் மீதியில் என்ன எழுதித் தொலைத்திருக்கிறாளோ என்று மனசு அரிக்கும். நான் ஐந்தாவதோடு நின்றவள். பிழை இருந்தால் வனிதாவிடம் காட்டிச் சிரித்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும் சிரித்து நாளாகிறது. ஆனால் கடைசி வரைக்கும் படி.

அன்றைக்கு நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். நீ மெட்ராஸ் போய்ச் சேர்வதற்குள் அதை வேறு மாதிரி மாற்றி வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். குழந்தை என் மடியில் இருந்தாள். நீ இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாய். நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். "கார்த்திகைக்கு லீவு சொல்லி வெச்சுடுடா. யாழினிக்குக் கரும்புத் தொட்டில் வேண்டியிருக்கேன்" என்றேன். கல்யாணமாகி நாலு வருஷம் வனிதா வயிற்றில் ஒன்றும் தங்காமல் அவள் அழுது அழுது கண்ணைச் சுற்றிக் கறுப்பு விழுந்தபோது அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டது அது. கரும்பைச் சேர்த்துக் கட்டி, மஞ்சள் புடவையைத் தொட்டிலாக முடிந்து, குழந்தையை அதில் போட்டு, நீ முன்னால் வனிதா பின்னால் தோளில் தூக்கிக்கொண்டு மாட வீதி சுற்றி வர வேண்டும். இந்த ஊரில் தவமிருந்து பிள்ளை பெற்றவர்கள் செய்வதுதான். நீயே சின்ன வயதில் வேடிக்கை பார்த்து, அந்தக் கரும்பில் ஒரு துண்டு வேண்டும் என்று அழுதிருக்கிறாய்.

நீ வழக்கமாகப் படிக்கும் பாட்டைப் படிப்பாய் என்று நினைத்தேன். மூடநம்பிக்கை, கல்லு, பூசாரி வயிறு, எல்லாம் எனக்கு மனப்பாடம். பாதியில் நீ மறந்தாலும் நான் எடுத்துக் கொடுப்பேன். ஆனால் நீ அதைச் சொல்லவில்லை. சோற்றுக் கையோடு எழுந்து நின்றாய். "யாரைக் கேட்டு வேண்டிக்கிட்டே? எதையும் கேக்காதேன்னு உனக்கு எத்தினி வாட்டி சொல்றது? எம் பொண்ணு பேரைச் சொல்லி எதையுமே கேக்காதே!" என்று கத்தினாய். குழந்தையை என் மடியிலிருந்து பிடுங்கினாய். அவள் வீறிட்டாள். வனிதா, "இன்னாங்க இது, அத்தை இன்னா தப்பா சொல்லிட்டாங்க?" என்று கேட்டதற்கு, "செருப்பைப் போடு, கிளம்பு" என்றாய். அந்தப் பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உன் பின்னால் ஓடினாள். நீ கை கழுவிய தண்ணீர் காய்வதற்குள் தெருமுனை தாண்டிவிட்டாய். பக்கத்து வீட்டு நூர்ஜகான் அக்கா எட்டிப் பார்த்து, "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சா உம் மவனுக்கு?" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. நடுச்சுவர் ஒன்றுதானே.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைக்க மாட்டேன். நான் வேலை செய்கிற லாட்ஜில் வெள்ளைக்காரர்களின் பெட்ஷீட்டை அன்றைக்குத் துவைத்த துவையில் ஒன்று கிழிந்தேவிட்டது. மேனேஜர் கேட்டதற்குப் பழசு என்று சொல்லிவிட்டேன். கோபம் கொஞ்சம் கம்மியான பிறகுதான் நீ சொன்ன வார்த்தை காதில் திரும்ப விழுந்தது. கேக்காதே என்றாய். ஏண்டா, பூட்டிக் கிடக்கிற வீட்டு வாசலில் நின்று ஒருத்தி கூப்பிட்டால், போகிறவன் வருகிறவன் "உள்ளே ஆள் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போவான். "கூப்பிடாதே, கூப்பிடாதே" என்று பதறுகிறவன் யார்? உள்ளே ஆள் இருக்கிறது என்று நினைக்கிறவன்தானே? அதுவும் கடிக்கிற ஆள் இருக்கிறது என்று நினைக்கிறவன்.

சாமி இல்லை என்கிறவர்களை நான் பார்க்காதவள் இல்லை. நம் தெருமுனை சைக்கிள் கடைக்காரர் என்றைக்காவது கறுப்புச் சட்டையைக் கழற்றியிருக்கிறாரா? ஆடி மாசம் கூழ் ஊற்றினால் முதல் சொம்போடு வந்து நிற்பார். "உங்க ஆத்தா இல்லை, ஆனா கூழ் நல்லா கீது" என்பார். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே, "இவ்வளவு தூரம் நடந்தா சக்கரை இறங்கும், அதுக்காகவாவது சுத்துங்க" என்று சிரிப்பார். அந்த மனுஷனுக்கு நிஜமாகவே இல்லை. அதனால் சிரிப்பு வருகிறது. உனக்கு ஒரு நாளாவது வந்திருக்கிறதா? சாமி பேச்சை எடுத்தால் உனக்கு உதடு வெளுக்கிறது. பிரசவ ஆஸ்பத்திரியில் வனிதா வலி தாங்காமல், "செத்துடுவேன் போலக் கீதும்மா" என்று கத்தினாள். எல்லாப் பெண்களும் கத்துவதுதான், நான் உனக்காகக் கத்தியதும் அதைத்தான். நீ ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாய். நர்ஸ் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. யார் காதிலோ விழுந்துவிடப் போகிறது என்று பொத்துகிற கை அது.

அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். எண்பத்தொன்பதாம் வருஷம், உனக்குப் பன்னிரண்டு வயசு. எனக்கு எதுவும் மறக்காது என்று உனக்குத் தெரியும். மறக்காததை நான் இத்தனை வருஷம் உன்னிடம் பேசாமல் இருந்தேன் என்பது மட்டும் உனக்குத் தெரியாது.

உன் அப்பா மணிலாக் கொட்டை லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போயிருந்தார். நீ அவருடைய கைக்கடிகாரத்தை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போய், கூட்டாளிகளோடு ஐயங்குளத்தில் குதித்து, அதைக் குளத்தில் விட்டுவிட்டு வந்தாய். அவருக்கு மாமனார் போட்ட கடிகாரம். அவர் வந்தால் என்ன நடக்கும் என்று நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும். உன் அப்பா தங்கமான மனுஷன் என்று செத்துப்போனவர்களைப் பற்றி எல்லாரும் சொல்கிற மாதிரி நான் சொல்ல மாட்டேன். லாரியில் போனவருக்கு வீடு எப்போதும் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. பெல்ட்டைக் கழற்றினால் எதற்காகக் கழற்றினோம் என்பது அவருக்கே பாதியில் மறந்துவிடும். நான் நடுவில் வந்தால் எனக்கும் விழும். அந்த வாரம் முழுக்க உனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னைக் கொஞ்சம் மாற்றலாம் என்று அடி அண்ணாமலைக்கு, என் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே மலை சுற்றுகிற பாதையோரம் ஒரு நந்தி இருக்கிறதே, மேடை மேல், மலையைப் பார்த்துக்கொண்டு. சாயங்காலம் அதன் பின்பக்க நிழலில் உட்கார்ந்து நான் காலில் ஏறின முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். நான் கடைக்குப் போயிருப்பதாக நீ நினைத்துக்கொண்டாய். மேடையில் ஏறி, கால் விரல் நுனியில் நின்று, நந்தியின் கழுத்தைக் கட்டிப் பிடித்தாய். ஊரில் எல்லாரும் செய்வதுதான், சாமியிடம் சொல்ல வேண்டியதை நந்தி காதில் சொன்னால் அது கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று. ஆனால் சொல்லும்போது மறு காதைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் காதில் சொன்னது அந்தக் காது வழியாக வெளியே போய்விடும் என்று உனக்கு யாரும் சொல்லாமல் இல்லை, நானே சொல்லியிருக்கிறேன். உன் கை எட்டவில்லை. எட்டாத கையோடு, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாய். "எங்கப்பா வரக் கூடாது. வரவே கூடாது. லாரியோட அப்படியே எங்கனா போயிடணும்."

சேகரு, நான் அப்போது சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடிக்குப் பயந்த பிள்ளை வேறு என்ன கேட்கும்? நீ இறங்கிப் போன பிறகு நானும் எழுந்து நந்தியின் மறு பக்கம் போனேன். நீ சொன்ன காதைக் கையால் பொத்திக்கொண்டு, இந்தக் காதில் சொன்னேன். "அது சின்னப் பையன், அதும் பேச்சை எடுத்துக்காதே. அவரு நல்லபடியா வந்து சேரணும். பெல்ட்டை மட்டும் வழியில எங்கயாவது தொலைச்சுட்டு வரணும்."

அவர் வந்தார். சோலாப்பூர் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கிலேயே சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். அதே லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். இடுப்பில் பெல்ட் இருந்தது.

உன் முகத்தை அப்போது பார்த்தேன். உன் அப்பாவின் கூடவே போன கிளீனர் மாரி உள்ளே என்னிடம் அழுதுகொண்டு சொல்லிக்கொண்டிருந்தான். "அண்ணி, ரெண்டு மாசமாவே நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுத்தான் ஓட்டினாரு. கேஸுடா, கேஸுடான்னு சோடாவைக் குடிச்சுக் குடிச்சு ஓட்டினாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, வீட்டுல சொன்னே உன்னை வண்டியிலேர்ந்து இறக்கிடுவேன்னாரு." நீ இதைக் கேட்கவில்லை. நீ வாசலில் இருந்தாய். அங்கே உன் பெரிய அத்தை தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "பையன் ஜாதகம் அப்பனை முழுங்கிடுச்சே" என்று ஊர் கேட்க ஒப்பாரி வைத்தாள். உன்னைப் பார்த்துக்கொண்டே வைத்தாள். இப்போது வேங்கிக்காலில் மாடி வீடு கட்டிக்கொண்டு, நடைக்குப் போகிறாள், யோகா செய்கிறாள். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டாள். போனேன், உட்கார்ந்தேன், பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. "இன்னும் அதையே வெச்சுக்கிட்டு கீறியா?" என்றாள். "நீ வெச்சது, நான் எடுக்கலை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொள்ளி வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து நீ கோயில் வாசப்படி மிதிக்கவில்லை. துக்கம் என்றார்கள். பிறகு காலேஜில் கூட்டத்துக்குப் போனாய், புத்தகம் படித்தாய், அதில் சொல்லியிருப்பதை எல்லாம் என்னிடம் ஒப்பித்தாய். புத்தகம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சைக்கிள் கடைக்காரரும் அதே புத்தகத்தைத்தான் படித்தார். ஆனால் உனக்குப் பயம் முதலில் வந்தது, புத்தகம் அப்புறம் வந்தது. சாமி என்று ஒன்று இருந்தால் நீ சொன்னது அதன் காதில் விழுந்திருக்கும். விழுந்திருந்தால் உன் அப்பனைக் கொன்றது நீ. அதனால் சாமி இருக்கவே கூடாது. இருந்தால் உன்னால் ஒரு வாய் சோறு தின்ன முடியாது. இதுதானே உன் பகுத்தறிவு? எத்தனை வருஷமாக இந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறாய்? உன்னை நினைத்தால் எனக்கு அழுகை வருவதைவிட எரிச்சல்தான் ஜாஸ்தி வருகிறது.

பிறகு ஏன் அப்போதே என்னைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை என்று கேட்பாய். கேள், நியாயம்தான். எனக்கும் அதே பயம்தான், வேறென்ன. ஒருவேளை பிள்ளை சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டதோ, அந்தக் காதை நான் சரியாகப் பொத்தவில்லையோ என்று. அதைப் பேச்சில் எடுத்தால் நிஜமாகிவிடுமோ என்று. நீ பயத்தில் கும்பிடுவதை விட்டாய். நான் பயத்தில் கும்பிட ஆரம்பித்தேன். ஒரு பௌர்ணமி விடாமல் மலை சுற்றினேன். காய்ச்சலோடு சுற்றினேன், மழையில் சுற்றினேன், உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் முட்டி வீங்கிக் கிடந்தபோதும் சுற்றினேன். ஒன்று விட்டால் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று. அந்த நந்திகிட்டே வரும்போது மட்டும் பாதையின் அந்தப் பக்கம் மாறிப் போய்விடுவேன், கடன்காரனைப் பார்த்து ஒதுங்குகிற மாதிரி. ஊரில் என்னைப் பெரிய பக்தி என்று பேசிக்கொண்டார்கள். நூர்ஜகான் அக்கா மட்டும்தான் ஒரு நாள் கேட்டாள். "ஏண்டி, நீ சாமி கும்பிடப் போறியா, இல்லை கண்டிஷன் பெயில்ல ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போறியா?" என்று. நானும் பதிலுக்கு, "நீ அஞ்சு வேளையும் போடறியே" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு அங்க போனா மனசு லேசாகுது. நீ போயிட்டு வந்தா ரெண்டு நாள் சிடுசிடுன்னு கீற" என்றாள். அந்தப் பேச்சுக்காக அவளோடு ஒரு மாசம் பேசாமல் இருந்தேன். அவள் சொன்னது சரி என்பதால்தான் அத்தனை நாள் பிடித்தது.

போன ஆடிப் பௌர்ணமிக்கு என்னால் போக முடியவில்லை. முட்டி மடங்கவே இல்லை. படுக்கவும் முடியாமல், விடிந்தால் என்ன செய்தி வருமோ என்று உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் லாட்ஜுக்குப் போய் அங்கேயிருந்து உனக்குப் போன் செய்தேன். நீ பல் விளக்கிக்கொண்டே, "இன்னாம்மா, காலங்காத்தால?" என்று கேட்டாய். "ஒண்ணும் இல்லை, சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. நுரை வாயோடு நன்றாகத்தான் இருந்தாய். சந்தோஷப்பட வேண்டியவள் நான், ஆனால் வந்ததோ ஆத்திரம். இத்தனை வருஷம் யாருக்காக, எதற்காக இந்த முட்டியைத் தேய்த்தேன் என்று. மலை அங்கேயே இருந்தது. என்னை வா என்றும் சொல்லவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு முட்டி கேட்ட மட்டும் நடந்து, வலித்த இடத்தில் உட்கார்ந்து, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். அன்றைக்குத்தான் முதல் தடவை அந்த மலை பார்க்க அழகாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வெள்ளைக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்களே என்று நான் கேலி செய்திருக்கிறேன். கேலி செய்தது செய்ததுதான், வாபஸ் வாங்கவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகக் கேள். உன் படிப்பை வைத்தே யோசி. அன்றைக்கு அந்த நந்தியிடம் இரண்டு பேர் சொன்னோம். நீ ஒரு காதில், நான் ஒரு காதில். கேட்கிறவன் ஒருத்தன் இருந்து, உன் பேச்சைக் கேட்டு உன் அப்பாவைக் கொண்டுபோனான் என்றால், என் பேச்சை அவன் குப்பையில் போட்டான் என்று அர்த்தம். தாலி கட்டிக்கொண்டவள் கெஞ்சியதை விட்டுவிட்டு, அடிக்குப் பயந்த பிள்ளை உளறியதைப் பிடித்துக்கொள்கிற சாமி ஒன்று இருந்தால், அதன் மேல் முதல் வழக்கு என்னுடையது. நீ வரிசையில் எனக்குப் பின்னால் நில். கேட்கிறவன் யாரும் இல்லை என்றால், நீ சொன்னதையும் யாரும் கேட்கவில்லை. உன் அப்பாவைக் கொண்டுபோனது சோடா குடித்து மறைத்த நெஞ்சுவலி. அப்படியில்லாமல் கொஞ்சம் அறிவுள்ளவனாக ஒருத்தன் இருந்தால், பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் பேச்சுக்கு என்ன விலை என்று அவனுக்குத் தெரியாதா? உன் அத்தை சொன்ன ஒரு வார்த்தையை இத்தனை வருஷம் விடாமல் வைத்திருக்கிறவள் நான். எனக்கே நீ சொன்னதைக் கேட்டுச் சிரிப்புத்தான் வந்தது. அவன் என்னைவிடவா அற்பமாக இருக்கப் போகிறான்? எப்படித் திருப்பிப் போட்டாலும் நீ கொல்லவில்லையடா. இந்த மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், நாலாவதை மட்டும் விடு.

கரும்புத் தொட்டிலுக்கு வருகிறேன். அதையும் நான் பயத்தில்தான் வேண்டினேன் என்று இப்போது தெரிகிறது. வனிதாவுக்கு ஆசை இருக்கிறது, அது வேறு. அன்றைக்கு நீ கத்துவதற்கு முன்னால் அடுப்படியில் என்னிடம், "மஞ்சள் புடவை நானே எடுக்கட்டுமா அத்தை?" என்று மெதுவாகக் கேட்டாள். அவளிடம் நீ பேசிக்கொள். எனக்காக நீ ஒரு கரும்பையும் தூக்க வேண்டாம். உன் மகள் பேரைச் சொல்லி இனி எதுவும் கேட்கவும் மாட்டேன். ஆனால் ஒன்று. அவள் வளர்வாள். உன் மேல் கோபம் வரும் வயசு வரும். "நீ செத்துப்போ" என்று ஒரு நாள் உன் முகத்துக்கு நேரே சொல்வாள், சொல்லாத பிள்ளை கிடையாது. அன்றைக்கு நீ அவள் வாயைப் பொத்தப் போகிறாயா? பொத்தினால் அந்த மூட்டை அவள் தலைக்கு மாறும். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அதனால் வா. கார்த்திகைக்கு வர வேண்டாம், கூட்டம். ஏதோ ஒரு சாதாரண நாளில், தனியாக வா. அடி அண்ணாமலைக்குப் போவோம். இப்போது நீ வளர்ந்துவிட்டாய், மேடையில் ஏறாமலே அதன் காது எட்டும். அங்கே நின்று உன் வாயாலேயே, "நீ இல்லை" என்று சொல். சைக்கிள் கடைக்காரர் சொல்கிற மாதிரி, உதடு வெளுக்காமல் சொல். சொல்ல முடிந்தால் அதற்குமேல் சாமி பேச்சை உன்னிடம் எடுக்கவே மாட்டேன், தொட்டிலுக்கான கரும்பை ஜூஸ் போட்டுக் குடித்துவிடலாம். சொல்ல முடியவில்லை என்றால் திட்டு. உன் அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்ல இருந்தால் அதையும் சொல். அழுதாலும் அழு. என்ன சொன்னாய் என்று நான் கேட்க மாட்டேன். எனக்குக் கேட்கவும் கேட்காது. நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் நின்று மறு காதை நான் பொத்திக்கொள்கிறேன்.

அம்மா